சாவைத் தள்ளிப்போட்ட நடிகருக்கு

மேடையில் மாமனாராகவும் மருத்துவராகவும், திரையில் நீதிபதியாகவும் நில உடைமையாளராகவும் வாழ்ந்து, நாயகனுக்கு நாலடி தள்ளி நின்றே எங்கள் நெஞ்சை நெருங்கிய நடிப்புச் செல்வரே! இன்று ஒப்பனை கலைத்து ஓய்வுபெறும் உங்களுக்கு எங்கள் வணக்கம்.

சுவரொட்டியில் உங்கள் பெயரைத் தேட வேண்டும். முகத்தை யாரும் தேடியதில்லை. கடைத்தெருவில் எதிர்ப்படுபவர்கள் தூரத்துச் சொந்தம் என்றெண்ணி நலம் கேட்பார்கள். நீங்களும் விட்டுக்கொடுக்காமல் அவர்கள் பிள்ளைகளின் படிப்பை விசாரித்துவிட்டு வருவீர்கள்.

உங்கள் சிறப்புகளை அடுக்க இந்த மாலை போதாது. ஒன்றைச் சொல்கிறோம்.

நம் விளக்குக்காரர் மனைவியை இழந்த சில வாரங்களில் வேலைக்குத் திரும்பினார். முதல் நாளே இருமுறை தடுமாறினார். இன்னொரு தவறு நடந்தால் வேறு ஆள் என்றார் நிர்வாகி. இந்த வேலையும் போனால் அவருக்கு மிச்சம் அந்த வெற்று வீடுதான்.

அன்றைய நாடகத்தின் கடைசிக் காட்சி. கட்டிலில் நீங்கள் கண்மூட, அவர் விளக்கைக் குறைத்து இருட்டாக்க வேண்டும். கை விசைமேல் இருந்தது. இறங்கவில்லை.

நீங்கள் கண்திறந்தீர்கள். மகனாக நடித்தவரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தீர்கள். எழுந்து, கதவைத் திறந்து, வெளியே போய்விட்டீர்கள். மகன் திருதிருவென விழித்தார், சபை கைதட்டியது. கொதித்துப்போன நிர்வாகியிடம், தனக்குத்தான் சாக மனசு வரவில்லை, தவறு தன்னுடையது என்றீர்கள். பிறகு விளக்கறைக்கு ஏறினீர்கள்.

"எனக்கு ஒண்ணும் அவசரமில்ல தம்பி. நீ எப்பச் சொல்றியோ அப்பச் சாகறேன்."

அந்த மரணக் காட்சிதான் அதுவரை உங்களுக்குப் பெயர் வாங்கித் தந்தது. ஆனாலும் அதன்பின் ஒவ்வொரு வாரமும் பிழைத்துக்கொண்டீர்கள். நாடகாசிரியர் முகம் கொடுத்துப் பேசவில்லை. பரிசுக்கு நடுவர்கள் வந்த நாளிலும் நீங்கள் சாகவில்லை. பரிசு வேறு குழுவுக்குப் போனது.

மழை பெய்த ஒரு மாலை, விளக்குக்காரர் ஒப்பனையறைக் கதவைத் தட்டினார்.

"இன்னைக்குச் செத்துடுங்கண்ணே. நான் பாத்துக்கறேன்."

அன்று இறந்தீர்கள். விளக்கு ஒரே சீராக இறங்கியது.

நீண்ட ஆயுளும் நிறைந்த நலமும் பெற்று நீங்கள் வாழ வேண்டும். விழா முடிந்து நீங்கள் வாசலைத் தாண்டும்வரை அரங்கில் ஒரு விளக்கும் அணையாது என்று விளக்குக்காரர் சொல்லச் சொன்னார். மெதுவாகவே போங்கள்.

என்றும் உங்கள் அன்பில்,
நாடகக் குழுவினர்