இரும்பு முட்டு இரண்டு

ஐயா, உலகத்திலேயே கஷ்டமான வேலை, இரவல் கொடுத்த ஏணியைத் திருப்பிக் கேட்பது. வாங்கும்போது அண்ணே என்பார்கள். கேட்கப் போனால், வந்துட்டான் பாரு என்பார்கள். முப்பது வருடக் கொத்தனார் வேலையில் எனக்கு ஏழு ஏணி போயிருக்கிறது. அதனால் என் பொருள் எது, அடுத்தவர் பொருள் எது என்பதில் நான் கறார்.

கல்யாணம் ஒன்பது மாதம்தான் ஓடியது. இரண்டு பேருக்கும் இது இரண்டாவது சுற்று. அவள் தையல்காரி. வீடு ஏற்கெனவே அவள் பெயரில் இருந்தது, இரண்டு அறை. நான் ஒரு தள்ளுவண்டிச் சாமானோடு போய் இறங்கினேன். பெரிய சண்டை என்று ஒன்றுமில்லை. கட்டிலில்கூட நான் ரசமட்டம் வைத்துப் பார்ப்பதாகச் சொன்னாள். பார்த்தேன்தான். சாய்ந்திருந்தது.

"கட்டின வீட்டுக்குப் பழுது சொல்றவரோட என்னால காலம் தள்ள முடியாது" என்று வக்கீலம்மாவைப் பார்க்கப் போய்விட்டாள்.

வக்கீலம்மா தன்மையானவர், என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். "இருபது வருஷம் வாழ்ந்திருந்தா வீட்டுல உங்க பங்கு என்னன்னு பேசலாம். இது ஒன்பது மாசம். அவங்கவங்க கொண்டு வந்ததை அவங்கவங்க எடுத்துக்கிட்டு, நல்லபடியா பிரிஞ்சிடுங்க" என்றார்.

நியாயம்தான். இருந்தாலும் ஒன்று கேட்டேன். இரண்டு அறையை ஒன்றாக்கிக் கொடு, தையல் மிஷின் போட இடம் போதவில்லை என்று அவள் கேட்டதால், கல்யாணமான முதல் மாதமே நடுச்சுவரை இடித்து ஒரே கூடமாக்கியவன் நான். கூலி வாங்கவில்லை. அந்த வேலைக்கு ஏதாவது உண்டா என்றேன்.

அவள் தம்பி காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "இடிச்ச சுவருக்கா மச்சான் பங்கு கேக்குறீங்க? தாராளமா எடுத்துக்குங்க. அந்தச் சுவர்ல ஒரு செங்கல் விடாம உங்களுக்குத்தான்" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். வக்கீலம்மா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன் ஐயா, நகைச்சுவை இல்லாதவன் இல்லை நான்.

பட்டியலை நானே எழுதினேன். நாற்பது வயதுக்கு மேல் பழகிய எழுத்து, கோணலாக இருக்கும், ஆனால் பொருள் சரியாக இருக்கும். கரண்டி மூன்று. தூக்குக்குண்டு ஒன்று. ரசமட்டம் ஒன்று. சல்லடை ஒன்று. இப்படிப் போய் ஏழாவதாக, இரும்பு முட்டு இரண்டு. தம்பி சத்தம் போட்டுப் படித்தான். "பழைய இரும்புக் கடையே வச்சிருக்காரு, கொடுத்து அனுப்பு அக்கா" என்றான். அவள் கையெழுத்துப் போட்டாள். முட்டு எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எனக்குப் பொய் வராது.

அந்த நடுச்சுவர்தான் மேல்தளத்தைச் சுமந்துகொண்டிருந்தது. அதை எடுத்த அன்று, பீமுக்குக் கீழே என் முட்டு இரண்டையும் நிறுத்தினேன். தூண் எழுப்பும்வரை தாங்கட்டும் என்று. பார்க்க அசிங்கமாக இருந்ததால் சுற்றிலும் பிளைவுட் அடித்து வெள்ளையும் பூசினேன். தூண் எழுப்ப நேரம் கூடவில்லை. வெளிவேலை. கொத்தனார் வீட்டுச் சுவர் எப்போதும் கடைசியில்தான் எழும்பும். அதையே அவள் தூண் என்று நினைத்துக்கொண்டாள். ஒன்றில் கண்ணாடி மாட்டியிருந்தாள்.

அன்று மதியமே சாமானை எடுக்கப் போனேன். அவள் மட்டும் இருந்தாள். கண்ணாடியைக் கழற்றிப் பத்திரமாக அவள் கையில் கொடுத்தேன், அது அவளுடையது. பிளைவுட்டைப் பிரித்ததும், "அய்யோ, இது தூண் இல்லையா?" என்றாள்.

"ஏழாவது வரியைப் பாரு."

"எடுத்தா ஒண்ணும் ஆகாதுல்ல?"

"வீடு உன்னோடது. அதைப் பத்தி நான் எப்படிச் சொல்றது?"

"இன்னும் கோவம் போகல உங்களுக்கு" என்று சிரித்துவிட்டு, அவளே ஒரு கை பிடித்தாள். கனமான முட்டு, சாய்ந்தால் தரை ஓடு உடைந்துவிடும் என்ற பயம் அவளுக்கு.

கோபத்தில் செய்ததா என்று கேட்டீர்கள். கோபத்தில் முட்டுகளைக் கழற்ற முடியாது ஐயா. முட்டில் இருக்கும் திருகாணியைக் கால் சுற்று, கால் சுற்றாகத்தான் இறக்க வேண்டும். பீமும் அவசரப்படாது. முதலில் மாவு மாதிரி தூசி கொட்டும். கொட்டியது. அவள் தைத்துக்கொண்டிருந்த கறுப்புத் துணியில் விழுந்தது. "போறப்பவும் குப்பை போட்டுட்டுத்தான் போவீங்களா" என்று ஊதிவிட்டு மறுபடியும் மிஷினை மிதித்தாள். நான் துடைப்பம் எடுத்துத் தரையைக் கூட்டிவிட்டுத்தான் கிளம்பினேன். அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வண்டியைத் தெருமுனை வரை தள்ளியிருப்பேன். சத்தம் கேட்டது. இவ்வளவு நேரம் தாங்கியதே பெரிது என்று நினைத்தேன்.

வெளியே வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். பிரிவுக் காகிதத்தில் கடைசிக்கு முந்தின வரியைப் படியுங்கள். இனி ஒருவர் விஷயத்தில் ஒருவர் தலையிடக் கூடாது. அவள்தான் வக்கீலம்மாவிடம் சொல்லி அதைச் சேர்த்தாள். எடுத்தது நான், தெரிந்துதான் எடுத்தேன், அதை இந்த ஸ்டேஷனிலும் சொல்வேன், கோர்ட்டிலும் சொல்வேன். ஆனால் அவள் வீட்டில் நான் ஒரு துரும்பைத் தொடவில்லை. வீட்டை விழவைத்தது வீட்டின் கனம்.

அவள் பிழைத்துவிட்டாள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து சொன்னார்களாம், ஒரு கால்தான் போயிற்று என்று. சந்தோஷம். துணி வெட்டும் மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டாளாம், தளம் மேஜைமேல் நின்றுவிட்டதாம். நிற்கும். என் சொந்தப் பலகையில், என் கையால் செய்த மேஜை. என்னோடு வந்த பலகை என்றால் மேஜை யாருக்குச் சேரும், நீங்களே சொல்லுங்கள்.

அது ஒன்றை மட்டும் பட்டியலில் எழுத விட்டுப்போயிற்று ஐயா. அதை நினைத்தால்தான் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.