சுகந்தினிக்கு நான் கொடுத்த மாத்திரை

ஐயா,

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்கு மாத்திரை என்றாலே ஆகாது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது மிட்வைஃப் மிஸ்ஸி கொடுப்பதை அவள் கண்முன்னால் பவ்வியமாக வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வார்கள். அவள் தலை மறைந்ததும் பிள்ளைக்காம்பரா ஜன்னலில் வைத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போய்விடுவார்கள். விழுங்கினால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகுமாம். அவர்கள் மலையில் நிற்கும் நேரத்தில் அந்தக் காம்பராவில் அவர்களுடைய கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை என்னுடையது. எதையும் வீணாக்க எனக்கு மனசு வராது. அவர்கள் விட்டுப்போன மாத்திரைகளைப் பொறுக்கி ஒரு டின்னில் போட்டு வைப்பேன்.

போன கிழமை நீங்கள் சக்கர நாற்காலி விஷயமாக வீட்டுக்கு வந்து, என் தங்கை சுகந்தினிக்குக் கால் எப்படிப் போனது என்று கேட்டீர்கள். அவள் பக்கத்தில் இருந்தபடியால் சாமிக் குற்றம் என்று சொல்லிவைத்தேன். அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்த மனிதரிடம் பொய் சொன்னது எனக்கு உறுத்துகிறது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் அம்மா இறந்தபோது அவளுக்கு ஆறு வயது, எனக்குப் பத்தொன்பது. நான்தான் வளர்த்தேன். என்னைப் பெண் கேட்டும் இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். இவளை யாரிடம் விட்டுப் போவது என்று நான் சம்மதிக்கவில்லை. இதை ஒருநாளும் அவளிடம் சொல்லிக்காட்டியதில்லை. லயத்து வரிசை வீடுகளில் மற்றவர்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

அவளுக்கு இருபத்திரண்டு வயதாகியும் வரன் அமையவில்லை. கல்யாணம் முடியும்வரை கவிச்சி தொடுவதில்லை என்று முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். மீன், இறைச்சி, முட்டை, கருவாடு எதுவும் கிடையாது. பாலையும் சேர்த்து விட்டுவிட்டாள். சோறு, கீரை, ரொட்டி, பால் விடாத சாயத்தண்ணி. இப்படியே ஆறு வருஷம் போனது. பிடிவாதத்தில் அவள் என்னைப் போலத்தான்.

இரண்டாயிரத்து மூன்றில் அவள் முகம் வெளுத்தது. மேட்டில் ஏறினால் மூச்சிரைத்தாள். நாக்கெல்லாம் புண். டின்னில் கிடந்தது ரத்தத்துக்கான மாத்திரைதானே என்று எடுத்துக் கொடுத்தேன். கறுப்பு மாத்திரை வயிற்றைப் புரட்டியது. சின்ன மஞ்சள் மாத்திரை ஒத்துக்கொண்டது. ஒன்றில் தொடங்கி நாளுக்கு ஐந்து ஆறு வரை கொடுத்தேன். இரண்டு மாதத்தில் கன்னத்தில் நிறம் வந்தது. கங்காணியே, “என்ன புள்ள, மாப்புள கெடச்சிட்டாரா?” என்று கேலி பண்ணினார். நான் பெருமைப்பட்டேன். அதுவரை நான் செய்ததில் குற்றம் இல்லை என்று நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள்.

மாப்பிள்ளையும் உண்மையிலேயே வந்தார். பெயர் ராஜதுரை, வரக்காப்பொலவில் இரும்புச் சாமான் கடை வேலை. நல்ல பையன். அடுத்த ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்தோம். அதற்குப் பிறகுதான் சுகந்தினி ஒருநாள் மலையிலிருந்து ஒற்றைச் செருப்போடு வந்தாள்.

“மத்தது எங்கடி?” என்றேன்.

குனிந்து பார்த்தாள். “அட, கால்லதான் கெடக்குன்னு நெனச்சேன்க்கா.”

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு விரல் நுனி மரத்துப்போகிறது, கொழுந்து கைக்குத் தட்டுப்படவில்லை என்றாள். பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றாள். நான் எண்ணெய் தேய்த்துவிட்டேன்.

இரண்டாயிரத்து நாலு பங்குனியில் மிஸ்ஸி அந்த டின்னைப் பார்த்துவிட்டாள். சிங்களப் பெண்ணானாலும் தமிழ் பேசுவாள். யாருக்குக் கொடுக்கிறாய் என்று கேட்டாள். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன், விரதம், செருப்பு உட்பட. அவள் சிரிக்கவில்லை.

“மீன், முட்டை, பால் ஒண்ணும் தின்னாத ஆளுக்கு இந்த மஞ்ச மாத்திரைய மட்டும் குடுக்கக் கூடாது. ரத்தம் நல்லா இருக்குன்னு காட்டும். மீன், பால்ல உள்ள சத்து இல்லாம உள்ள நரம்பு கெட்டுப் போறது வெளிய தெரியாது. இத நிப்பாட்டு. டொக்டர்கிட்ட விரதத்தையும் சொல்லு, மாத்திரையையும் சொல்லு. ஊசி போட்டா சரி. லேட் பண்ணினா சரி வராது.”

சரி என்று தலையாட்டினேன். அடுத்த மாதமே அவள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனாள். ஆகையால் எனக்கு எப்போதிருந்து தெரியும் என்று நீங்கள் கேட்டால், பங்குனியிலிருந்து தெரியும்.

அன்றைக்கே சொல்லிவிடத்தான் வீட்டுக்குப் போனேன். சுகந்தினி கல்யாணப் புடவையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

“அங்க போனதும் மொத வேலையா நெத்திலிக் கொழம்புதான்க்கா. நாக்கு செத்துப் போச்சு. நீயும் மாசத்துக்கு ஒருக்கா வந்துட்டுப் போ.”

வந்துவிட்டுப் போ என்றாள், விருந்தாளியிடம் சொல்வதுபோல. அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்குத்தான் அந்தக் காம்பராவில் அடுப்பும் நானும் மட்டும் இருக்கிற காட்சி கண்ணில் வந்துவிட்டது. சோறு போட்டேன். மாத்திரையையும் கொடுத்தேன். ஆவணியைத் தைக்குத் தள்ளினால் போதும் என்று நினைத்தேன். நான் எடுத்துக்கொள்ள விரும்பியது அந்தச் சில மாதங்கள்தான்.

ஆடியில் அவள் சுவரைப் பிடித்து நடந்தாள். ராஜதுரை லீவு போட்டு வந்து எங்களை இரத்தினபுரியில் ஒரு ஸ்பெஷலிஸ்டிடம் கூட்டிப்போனார். பெண்ணைப் பரிசோதிக்கிற அறை என்று நான் அவரை வெளியிலேயே உட்காரச் சொன்னேன். அவருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. சுகந்தினிக்கு நாலு வார்த்தைக்கு மேல் தெரியாது. எனக்கு நன்றாகத் தெரியும்.

டொக்டர் ரத்த ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரத்தத்தில் குறையே இல்லை என்றார். பிறகு, “மாலு, மஸ் கனவத?” என்றார். மீன், இறைச்சி சாப்பிடுவாளா என்று அர்த்தம்.

“கனவா டொக்டர்.” சாப்பிடுவாள் என்றேன்.

ஏதாவது மாத்திரை எடுக்கிறாளா என்று கேட்டார். இல்லை என்றேன்.

சுகந்தினி என் கையைப் பிடித்து, “என்னக்கா கேக்குறாரு?” என்றாள்.

“ஒழுங்கா தூங்குறியான்னு கேக்குறாரு.”

அவள் அவரைப் பார்த்துத் தலையாட்டினாள், தூங்குகிறேன் என்று. அவர் அதைப் பார்த்துத் திருப்தியாகி, கொழும்பில் நரம்புச் சோதனை செய்யச் சொல்லி ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தந்தார். அந்தத் துண்டை நான் ராஜதுரையிடம் காட்டவில்லை.

அவர் இரண்டு தை வரைக்கும் காத்திருந்தார். ஒருமுறை தயங்கித் தயங்கி, “கோவிக்காதீங்கக்கா, வீட்ல அவங்களுக்கு ஏதும் மருந்து குடுக்குறீங்களா?” என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். அது நடிப்பில்லை, உண்மையான அழுகை. அவர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். கடைசியில் சுகந்தினியே, எனக்காக நிற்காதீங்க, வேறு இடம் பாருங்க என்று அவரை அனுப்பிவைத்தாள். அந்த நேரம் அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. போகும்போது அவர் படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

அவர் போன பிறகு ஒருநாள் அவள், “இனி எதுக்குக்கா விரதம்? ஒரு துண்டு கருவாடு சுட்டுக் குடு” என்றாள்.

“சாமிக்குச் சொன்னத மீறலாமா? அப்புறம் காலு வரவே வராது” என்றேன்.

அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. கருவாட்டைச் சுட்டுக் கொடுத்திருந்தால், மெதுவாகவேனும் தேறியிருப்பாளோ என்னவோ. தேறினால் இன்னொரு வரன் வரும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க என் உடம்பில் தெம்பு இல்லை, ஐயா.

இப்போது இரண்டாயிரத்து எட்டு. அவளுக்கு மறதியும் வந்துவிட்டது. குளிப்பாட்டுவது, தலை வாருவது, ஊட்டுவது எல்லாம் நான்தான். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கால் நன்றாக இருந்த காலத்தில் வீட்டில் தங்கமாட்டாள், பக்கத்துக் காம்பராக்களில்தான் அரட்டை. இப்போது வாய்க்கு வாய் அக்கா, அக்கா என்று என்னைத்தான் கூப்பிடுகிறாள். மிஸ்ஸி சொன்ன ஊசி பெல்மதுளை பார்மசியில் இருக்கிறது. விசாரித்து வைத்திருக்கிறேன். மஞ்சள் மாத்திரை இன்று காலையும் கொடுத்தேன். தெரிந்துதான் கொடுத்தேன், தெரிந்த நாளிலிருந்து ஒருநாளும் தவறாமல் கொடுத்தேன். அவளை இப்படி ஆக்கியது சாமியல்ல, நான்.

இன்னொரு விஷயம். நீங்கள் கொடுக்கிற சக்கர நாற்காலியில் இரண்டு வகை உண்டு என்றீர்கள். உட்கார்ந்திருப்பவரே கையால் உருட்டிக்கொண்டு போவது ஒன்று, பின்னாலிருந்து இன்னொருவர் தள்ளுவது மற்றது. கையில் இன்னும் கொஞ்சம் பலம் இருக்கிறது, முதலாவதைத் தாருங்கள், நானே வாசல்வரை போய்க்கொள்வேன் என்று சுகந்தினி சொன்னது உங்கள் காதில் விழுந்திருக்கும்.

தயவுசெய்து மற்றதையே அனுப்புங்கள். அவளுக்குக் கை வலிக்கும்.

இப்படிக்கு,
பஞ்சவர்ணம்