‘செல்லா’வுக்கு ஒரு ‘து’

அந்த மேசைக்கு ஒரு கால் குட்டை. முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. கோந்து அண்ணனுக்கு எதிராகச் சாட்சி சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள், மேசையைப் பற்றி விசாரிக்க இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த மேசை ஆடாமல் இருந்திருந்தால், நாம் இரண்டு பேரும் இந்த அறையில் எதிரெதிரே உட்கார்ந்து ஆறிப்போன டீயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது.

ஒவ்வொரு உள்ளாட்சித் தேர்தலுக்கும் என்னைத் தற்காலிகமாக வேலைக்கு எடுப்பார்கள். பின்பக்க அறையில் தபால் ஓட்டு மேசை. உறையின் மேல் ஓட்டுப் போட்டவர் கையெழுத்துப் போட்டிருப்பார். அவர் முதன்முதலில் பெயர் பதிந்தபோது போட்ட கையெழுத்து ஒரு அட்டையில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒத்துப்போனால் இடது கூடை. ஒத்துப்போகாவிட்டால் ‘செல்லாது’ என்று முத்திரை குத்தி வலது கூடை. வலது கூடைக்குப் போனவருக்கு ஒரு அறிவிப்புக் கடிதம் அனுப்ப வேண்டும். அவர் ஒரு வாரத்துக்குள் நேரில் வந்து, அது என் கையெழுத்துதான் என்று மறுபடி போட்டுக் காட்டினால் ஓட்டு செல்லும்.

இந்த வேலைக்கு என்னை ஏன் எடுத்தார்கள் என்று கேட்பீர்கள். எங்கள் பகுதியில் என்னை ரேடியோ அக்கா என்பார்கள். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், நான் முதுகைத் திருப்பிய பிறகுதான். யார் வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை, எந்த மாடியில் யாருக்கு மூட்டுவலி, எல்லாம் என் விரல் நுனியில். நானாக விசாரிப்பதில்லை ஐயா, காது இருக்கிறது, விழுகிறது. அலுவலகத்தின் தலைமை எழுத்தர்தான் என்னைச் சிபாரிசு செய்தார். எந்த உறையைப் பார்த்தாலும் ஓரத்தைத் தடவிப் பார்த்து இன்னொரு முறை பசை போடுவார். அதனால் அவர் கோந்து அண்ணன். என் வீட்டுக்கு எதிர் வீடு. “அந்தம்மாவுக்கு ஊர்ல எல்லாரையும் தெரியும், கள்ள ஓட்டு ஒண்ணு உள்ள வர முடியாது” என்று மேலிடத்தில் சொல்லி வைத்தவர் அவர்தான்.

முத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘செல்லாது’ என்ற முத்திரையில் கடைசி எழுத்து போன தேர்தலிலேயே தேய்ந்துவிட்டது. குத்தினால் ‘செல்லா’ என்று மட்டும் விழும். புது முத்திரை கேட்டு எழுதிய கடிதம் இன்னும் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. அதனால் யார் குத்தினாலும் ஒரு ‘து’வைப் பேனாவால் போட்டுக்கொள்வோம். அண்ணன் சிரிப்பார். “நம்ம ஆபீஸ்ல செல்லாதுன்னு சொல்றதுக்கே ரப்பரும் வேணும், பேனாவும் வேணும்.”

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன தேர்தலில் பாலம் மாமா தோற்றார். மூன்று தடவை உறுப்பினராக இருந்து, மூன்று தடவையும் பாலம் கட்டித் தருகிறேன் என்று சொன்னவர். பாலம் வரவில்லை, பெயர் மட்டும் வந்தது. அவர் தோற்பார் என்று ஒருத்தரும் நினைக்கவில்லை. பதினோரு ஓட்டில் தோற்றார். அன்றிலிருந்து அலுவலகத்தின் மேல் யாருக்கும் நம்பிக்கை இல்லை. மழை நாளில் வாசலில் குடை வைக்க ஒரு வாளி வைத்திருக்கிறோம். ஒருத்தரும் வைக்க மாட்டார்கள். சொட்டச் சொட்டக் குடையோடு உள்ளே வருவார்கள். கேட்டால், “ஓட்டையே காணாம ஆக்கினவங்க, குடைய விட்டுவைப்பீங்களா?” என்பார்கள். ஐந்து வருடமாக அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அந்த வாளியை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். காலியாகவே கிடந்தது.

இந்தத் தடவை மாமாவும் மருந்துக்கடைக்காரியும் நின்றார்கள். முடிவெட்டும் கடையில், பேருந்து நிறுத்தத்தில், எங்கே கேட்டாலும் ஒரே பேச்சு. “மாமாதான். நூத்திச் சொச்சத்துல அடிச்சுத் தூக்கிடுவாரு.” நான் மட்டும் நம்பவில்லை. ஏனென்றால் உறைகள் என் மேசைக்கு வருகின்றன. எல்லாம் படி இறங்க முடியாதவர்கள், படுக்கையில் இருப்பவர்கள். அவர்கள் வீட்டுக்கு மாத்திரை கொண்டுபோய்க் கொடுப்பது யார்? மருந்துக்கடைக்காரி. நான் வீடு வீடாக மனதுக்குள் கணக்குப் போட்டேன். அவள் நூற்றைம்பது ஓட்டில் ஜெயிப்பாள் என்று வந்தது.

ஜெயிக்கட்டுமே என்பீர்கள். அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. என் கவலை அலுவலகத்தைப் பற்றியது. ஊர் ஒன்று நினைத்து, பெட்டி இன்னொன்று சொன்னால், ஊர் பெட்டியைத்தான் திட்டும். இரண்டாவது தடவையும் அப்படி நடந்தால் எழுந்திருக்கவே முடியாது. மக்கள் எதிர்பார்த்தது நடந்தால்தான் மக்களுக்கு நம்பிக்கை வரும். இதை யாராவது ஒருத்தர் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

முதல் உறை கணக்கு டீச்சருடையது. அதில் நான் தவறே செய்யவில்லை. ஒரு வருடம் முன்பு டீச்சருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. இடது கையால் கையெழுத்துப் போடப் பழகினார். பழைய செய்தித்தாளின் ஓரம் முழுக்கத் தன் பெயரை எழுதி எழுதிப் பழகியதை நானே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். உறையில் இருந்தது அந்தக் கையெழுத்துதான். அட்டையில் இருந்தது பழைய வலது கைக் கையெழுத்து. ஒத்துப்போகவில்லை. விதி விதிதான். முத்திரை குத்தி ‘து’ போட்டேன். அறிவிப்புக் கடிதமும் எழுதினேன். அந்த நேரம் பார்த்து மேசை ஆடியது. மை சிந்தப் பார்த்தது. கையில் இருந்த கடிதத்தை நான்காக மடித்துக் குட்டைக் காலுக்கு அடியில் வைத்தேன், அன்று மத்தியானம் வரைக்கும் என்றுதான். மேசை ஆடாமல் நின்றது.

எனக்குத் தெரிந்து முதல் தடவையாக அது ஆடாமல் நின்றது ஐயா. அதை எடுக்க மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு வேலை தானாகவே ஒழுங்குக்கு வந்தது. மருந்துக்கடைக்காரிக்குத்தான் போட்டிருப்பார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்த வீடுகளின் உறைகளைக் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு பார்த்தேன். கூர்ந்து பார்த்தால் எந்தக் கையெழுத்தும் எந்தக் கையெழுத்தோடும் ஒத்துப்போகாது. ஒரு புள்ளி தள்ளியிருக்கும், ஒரு சுழி நெளிந்திருக்கும். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. ஒரு உறையைக்கூட நான் பிரிக்கவில்லை. பிரிப்பது குற்றம். கடிதங்களையும் ஒழுங்காக எழுதி, கட்டுக் கட்டி, அலமாரியில் பழைய தொலைபேசிப் புத்தகங்களுக்குப் பின்னால் வைத்தேன். இருநூறு பேருக்குக் கடிதம் போனால் ஊர் என்ன பேசும் என்று நினைத்துப் பாருங்கள்.

அண்ணன் ஒரு தடவை கேட்டார். “என்னம்மா, இத்தனை செல்லாவா?”

“வயசானவங்கண்ணே. கை நடுங்குது. நாம என்ன பண்றது?”

“கடிதம் போயிடுச்சுல்ல?”

“அன்னன்னைக்கே போயிடுதுண்ணே.”

“நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லி, பதிவேட்டில் ‘அனுப்பப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். உங்கள் முன்னால் இருக்கும் பதிவேட்டில் இருப்பது அந்தக் கையெழுத்துதான்.

மாமா அறுபத்தொரு ஓட்டில் ஜெயித்தார். ஊர் குளிர்ந்துபோனது. “பாத்தியா, நாங்க அப்பவே சொன்னோம்ல” என்று ஒருத்தர் முதுகில் ஒருத்தர் தட்டிக்கொண்டார்கள். அடுத்த மழைக்கு வாளியில் ஏழு குடை இருந்தது. நான் எண்ணினேன்.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. தேர்தல் முடிந்து மேசைகளை நகர்த்தும்போது அண்ணன் குட்டைக் காலுக்கு அடியில் இருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டார். வேறு யாராவது என்றால் குப்பையில் போட்டிருப்பார்கள். அவர் அதைப் பிரித்து, உள்ளங்கையால் தேய்த்து மடிப்பை எடுத்து, விலாசம் பார்த்து, உறையில் போட்டு, இரண்டு தடவை கோந்து தடவி, தபாலில் சேர்த்துவிட்டார். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடமை என்று வந்துவிட்டால் அவருக்கு முன்பின் தெரியாது.

ஒரு மாதம் கழித்துக் கோலை ஊன்றிக்கொண்டு கணக்கு டீச்சர் வந்து நின்றார். “ஒரு வாரத்துக்குள்ள வரச்சொல்லிப் போட்டிருக்கு. நேத்துதான் கைக்கு வந்துச்சு. தம்பி, எங்க கையெழுத்துப் போடணும்? இடது கைதான், பரவாயில்லையா?”

அண்ணன் அவரை நாற்காலியில் உட்கார வைத்தார். மற்றக் கடிதங்களாவது போயினவா என்று அன்றைக்கே அலமாரியைக் குடைந்தார். மீதி இருநூற்றுப் பதின்மூன்றும் கிடைத்தன. தன் கைப்படவே மேலிடத்துக்கு அறிக்கை எழுதினார். முத்திரை அவர் பொறுப்பு, பதிவேட்டில் அவர் கையெழுத்து. மேலிடம் அறிக்கையைப் படித்துவிட்டு அவரையே இடைநீக்கம் செய்தது. ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது. நாளைக்கு நீங்கள் அறிக்கை கொடுத்தால், அவர் வேலையும் போய் ஜெயிலுக்கும் போவார் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

அவரைப் பற்றி நான் ஊரில் கதை கட்டிவிட்டேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அது சரியில்லை. காய்கறிக்கடைக்காரரிடம் மட்டும், அதுவும் அவர் கேட்டதால், ஒன்று சொன்னேன். “முத்திரையச் சட்டைப் பையில போட்டுட்டுதான் வீட்டுக்குப் போவாரு.” உண்மைதானே? வேறு யாரும் எடுத்துவிடக் கூடாது என்று அவர் அப்படித்தான் செய்வார். காலையில் பையில் முத்திரை என்று நான் சொன்னது, சாயங்காலத்துக்குள் பை நிறைய ஓட்டு என்று ஆகிவிட்டது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அதிலும் ஒரு நன்மை இருந்தது. “ஆபீஸ் நல்ல ஆபீஸ்தான், அந்த ஆளுதான் சரியில்ல” என்று பேச ஆரம்பித்தார்கள். ஒரு ஆள் கெட்டவன் என்றால் கட்டடத்தின் பெயர் தப்பித்துவிடுகிறது. வாளியில் இப்போது ஒன்பது குடை.

அவர் வீட்டுப் பூட்டில் யாரோ கோந்தை ஊற்றிவிட்டார்கள். அண்ணியும் அவரும் பையோடு வாசலிலேயே நின்றார்கள். அரை நாள் உட்கார்ந்து சுரண்டினார். ஜன்னலிலிருந்து பார்க்கப் பொறுக்காமல் நான்தான் ஊசி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, “நீயாவது என்னை நம்புறியேம்மா” என்றார். நம்புகிறேன் என்று சொன்னேன். அதுவும் பொய்யில்லை. அவர் செய்யவில்லை என்பது என்னை விட யாருக்குத் தெரியும்?

பிறகு ஏன் இப்போது சொல்கிறேன் என்றுதானே பார்க்கிறீர்கள்? உங்களால்தான் ஐயா. இரண்டு மாதமாக அந்த இருநூற்றுப் பதினான்கு உறையும் உங்கள் மேசையில் கிடக்கின்றன. ஒரு தடவையாவது அந்த ‘து’வைப் பார்த்தீர்களா? அண்ணனின் ‘து’ வால் அறுந்த பல்லி மாதிரி இருக்கும். என்னுடையது கீழே இறங்கி, இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே ஏறி நிற்கும். பள்ளிக்கூடத்தில் அதற்கு எனக்குத் தனிப் பாராட்டே உண்டு. இத்தனை நுணுக்கமான வேலையை, உறைக்குத் தேவையில்லாமல் இரண்டு தடவை பசை போடுகிற மனிதர் செய்தார் என்று நீங்கள் எழுதப்போகிறீர்கள். அதைத்தான் என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை. கையெழுத்து பார்க்கத் தெரியாதவர்களை இந்த வேலையில் உட்கார வைத்தால் மக்களுக்கு எப்படி நம்பிக்கை வரும்?

எழுதி முடித்துவிட்டீர்களா? கையெழுத்துப் போட எனக்குத் தயக்கம் ஒன்றும் இல்லை.

என்ன சொல்கிறீர்கள்? உறைகளைப் பிரித்துவிட்டீர்களா?

“போன வாரமே பிரிச்சாச்சும்மா. இருநூத்திப் பதினாலுல நூத்தி முப்பத்தேழு மாமாவுக்கு. எழுபத்தேழுதான் அந்தம்மாவுக்கு. எல்லாத்தையும் சேர்த்திருந்தா அவர் நூத்தி இருபத்தொண்ணுல ஜெயிச்சிருப்பாரு.”

நூற்றுச் சொச்சம். முடிவெட்டும் கடையில் சொன்னது. அப்படியென்றால் மாத்திரையை இவளிடம் வாங்கிக்கொண்டு ஓட்டை அவருக்குப் போட்டிருக்கிறார்கள். எத்தனை வருடப் பழக்கம், என்னிடம் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லையே. மனிதர்களை எப்படி நம்புவது? சரி, டீச்சருடையது எது? அதை மட்டும் சொல்லுங்கள்.

“அது யாருக்கும் தெரியாதும்மா. அதுக்குத்தானே உறைக்குள்ள பேரில்லாம இன்னொரு உறை.”

பேனாவைக் கொடுங்கள்.

கை கொஞ்சம் ஆடிவிட்டது. மேசை இல்லை, இது நல்ல மேசை, கைதான் ஆடியது. என் நியமன அட்டை உங்கள் கோப்பில்தான் இருக்கிறது, எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். பாருங்கள், அதில் முதல் எழுத்து நிமிர்ந்து நிற்கிறது, இதில் சாய்ந்திருக்கிறது. கடைசிச் சுழி இதில் இல்லவே இல்லை. இந்த வேலையில் எனக்கு அனுபவம் இருக்கிறது ஐயா, ஒத்துப்போகவில்லை. விதிப்படி இந்த வாக்குமூலம் வலது கூடைக்குத்தான் போக வேண்டும். வெளியே பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார், நான் உள்ளே வரும்போது எழுந்து நின்று வணக்கம் சொன்னார். அவரிடம் அவசரப்பட்டு எதையும் சொல்லி ஆசை காட்ட வேண்டாம். முத்திரை சாட்சிப் பொருளாக உங்கள் மேசையிலேயே இருக்கிறது. நீங்கள் குத்துங்கள். ‘து’வை நான் போட்டுத் தருகிறேன்.