சிவப்புத் துணி ஏற்றாத காலை

பரிசளிப்பு விழாவுக்கு நாற்காலி அடுக்கியவனுக்குத்தான் தெரியும், ஒரு பள்ளிக்கூடத்தில் கால் ஆடாத நாற்காலி எவ்வளவு குறைவு என்று. நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி முன்வரிசையில் போட்டேன். சுவாமியாருக்கு ஒன்று, கல்விக் கந்தோர் ஐயாமாருக்குச் சில, தோணிக்காரன் பிலிப்புவின் பெண்சாதி திரேசம்மாவுக்கு ஒன்று. அவளுடைய நாற்காலியை என் தோள் சால்வையாலேயே துடைத்தேன். மரியாதை தெரியாதவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது, இன்ஸ்பெக்டர் ஐயா.

வாக்குமூலத்தை நீங்கள் கேட்டபடியே சொல்கிறேன். பெயர் கனகசிங்கம். வாவிக்கு இந்தப் பக்கம், எழுவான்கரையில் இருக்கிற அந்தப் பள்ளிக்கூடத்தில் பியோன். மிஷன் நடத்திய காலத்திலும் நான்தான், அரசாங்கம் பொறுப்பெடுத்த பிறகும் நான்தான். கதவு திறப்பது, கூட்டுவது, தண்ணீர் அள்ளி வைப்பது, மணியடிப்பது எல்லாம் என் வேலை. பிலிப்புவின் வேலை ஒன்றே ஒன்று. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் இருக்கிற பிள்ளைகளைக் காலையில் தோணியில் ஏற்றி வருவான், பின்னேரம் கொண்டுபோய் விடுவான். நல்ல மனிதன். அவனை நான் தம்பி மாதிரித்தான் வைத்திருந்தேன்.

துணியைப் பற்றிக் கேட்டீர்கள். மாரியில் வாவி நிரம்பி வயல் வட்டைகளில் வேளாண்மை தண்ணீருக்குள் போனால், முகத்துவாரத்தில் கடலுக்குப் போகிற வழியை அடைத்து நிற்கிற மணலை வெட்டிவிடுவார்கள். வெட்டிய அன்று வாவித் தண்ணீர் முழுக்கக் கடலைப் பார்த்து ஓடும். எங்கள் துறையோ முகத்துவாரத்துக்குக் கிட்ட. அன்றைக்குத் தோணி இறக்கினால் எந்தச் சவளால் வலித்தாலும் எடுபடாது. ஒரு மாரியில் விறகுத் தோணி ஒன்று ஆட்களோடு இழுபட்டுப் போனதை நான் கண்ணால் கண்டேன். அதற்குப் பிறகு, யாரும் சொல்லாமல், நானாகவே ஓர் ஏற்பாடு செய்தேன். வெட்டுகிற செய்தியை மீன் வியாபாரி அசனார் சைக்கிளில் கரை நெடுகச் சொல்லிக்கொண்டு போவான். கேட்டவுடன் துறைக் கம்பத்தில் ஒரு சிவப்புத் துணியை ஏற்றுவேன். அக்கரையில் பிலிப்பு அதைக் கண்டால் தோணியை அவிழ்க்க மாட்டான். அவ்வளவுதான். அதிபர் ஹெக்டர் மாஸ்டர் அது என்ன துணி என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மழைக்குப் படுவான்கரைப் பிள்ளைகள் வராமல் கள்ளம் அடித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வார்.

இந்த வருடம் சிற்றூழியரில் சிறந்தவர் ஒருவரைப் பரிசளிப்பு மேடையில் கௌரவிக்கப் போகிறோம் என்று அவர் சொன்ன அன்று, வீட்டுக்குப் போய் என் பெண்சாதி அன்னப்பூரணியிடம் என் வேட்டியை நீலம் போட்டுத் தோய்க்கச் சொன்னேன். தன்னைத் தானே நினைத்துக்கொள்வது வெட்கக்கேடுதான். ஆனால் வேறு யாரை நினைப்பது?

பொன்னாடை வைத்த தட்டை ஏந்திக்கொண்டு மேடையில் ஏறியவன் நான். போர்த்தியது பிலிப்புக்கு. ஹெக்டர் மாஸ்டர் ஒலிபெருக்கியில் சொன்னார்: இத்தனை வருடத்தில் வாவி ஒரு பிள்ளையையும் கொண்டுபோகவில்லை, அதற்கு ஒரே காரணம் பிலிப்பு. ஒரே காரணம் என்று சொன்னார், ஐயா. சபை முழுக்கக் கை தட்டியது. என் கையில் தட்டு இருந்தது.

விழா முடிந்து தண்ணீர்ப் பானையடியில் பிலிப்பு என்னிடம் வந்தான். பொன்னாடையைக் கழற்றாமலே வந்தான்.

"கோவிச்சிக்காதீங்க அண்ணன். துணியப் பத்திச் சொல்லத்தான் நினைச்சன். நாக்கு எழும்பல்ல."

"அதுக்கென்னகா," என்றேன். "எனக்குச் சால்வை இல்லையா என்ன?"

அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஹெக்டர் மாஸ்டரிடம் போனேன்.

"சேர், முகத்துவாரம் வெட்டக்குள்ள துறையில துணி ஏத்துறது நான்தான்."

அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. "என்ன துணி? உன்ட வேலையப் பாரு கனகசிங்கம். மணிய நேரத்துக்கு அடிச்சாக் காணும்."

நாய்க்குச் சொல்வது போலச் சொன்னார். சரி என்று வந்துவிட்டேன். அந்த நிமிடத்தில் என் கோபம் அடங்கிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். என் வேலை எது என்று பெரியவர் ஒருவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். பிறகு எதற்குக் கோபம்?

அடுத்த கிழமை அடைமழை. காலையில் பள்ளிக்கூடத்துப் படலையைத் திறக்கும்போது அசனார் வந்தான். "அண்ணன், விடியவே வெட்டிட்டாங்க. துணியப் போடுங்க," என்றான். "ஓம், நீ போ," என்றேன். துணி என் பைக்குள்தான் இருந்தது. துறைக்குப் போனேன். ஏற்றவில்லை. அது என் வேலை இல்லை. வேலையாக இருந்தால் அதற்கும் ஒரு மேடை இருந்திருக்கும், ஒரு தட்டு இருந்திருக்கும், யாராவது ஒருவன் ஏந்திக்கொண்டு நின்றிருப்பான்.

நீங்கள் இதைக் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். ஹெக்டர் மாஸ்டர் சொல்லிக் கொடுத்திருப்பார். அந்தச் சொல்லை வெட்டிவிடுங்கள், ஐயா. நான் ஒரு நாளும் கவனம் குறைந்தவன் அல்ல.

அந்த இடத்தில் வாவி ஒடுக்கம். அக்கரையில் ஆள் நிற்பது நன்றாகத் தெரியும். பிள்ளைகள் தோணியில் ஏறிவிட்டார்கள். பிலிப்பு மட்டும் ஏறாமல் நின்றான். தண்ணீரின் நிறம் அவனுக்குப் பிடிக்கவில்லை. கையை நெற்றிக்கு மேல் வைத்துக் கம்பத்தைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான், திரும்பவும் கம்பத்தைப் பார்த்தான். கம்பத்தின் கீழ் நான் நின்றேன். அவன் அப்படியே திரும்பிப் போயிருப்பான். பிள்ளைகளை இறக்கி வீட்டுக்கு அனுப்பியிருப்பான். பிறகு அதற்கும் ஒரு பொன்னாடை போர்த்தியிருப்பார்கள்.

நான் பள்ளிக்கூடத்துக்குப் போய் மணியை அடித்தேன். நேரம் ஆகவில்லை. ஆனாலும் அடித்தேன், அக்கரைக்குக் கேட்கும்படி நீட்டி அடித்தேன். துணியும் இல்லை, மணியும் அடித்துவிட்டது என்றால் பிலிப்பு வேறு என்ன நினைப்பான்? தன் கண்ணைவிட என்னை நம்பினான். தோணியை அவிழ்த்தான்.

பாதி வாவியில் தோணி கவிழ்ந்துவிட்டது. கத்தியது இங்கே கேட்டது. எத்தனையோ பிள்ளைகளை அவன் இழுத்துக்கொண்டுபோய்க் கரையோரத்துக் கண்ணா மரங்களில் ஏற்றிவிட்டானாம். கடைசியில் அவன் ஏறவில்லை. சில பிள்ளைகளும் ஏறவில்லை. திரேசம்மா துறையில் கிடந்து புரண்டபோது அவளைத் தூக்கி உட்கார வைத்தவனும் நான்தான்.

இப்போது இரண்டு கரையிலும் ஒரே பேச்சு, துணி ஏன் ஏறவில்லை என்று. ஹெக்டர் மாஸ்டரே கேட்டாராம். அவர் வாயால் அந்தக் கேள்வியை வரவைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. செய்தது நான்தான். தெரிந்துதான் செய்தேன். அப்படியே எழுதுங்கள்.

பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. போனவர்களில் ஒருத்தி புஸ்பம். துணி ஏற்றிய நாளுக்கு மறுநாள் வந்து, "பெரியப்பா, நேத்துத் துணி போட்டது பெரிய உபகாரம்," என்று பெரிய மனுசி கணக்கில் சொல்லிவிட்டு வகுப்புக்கு ஓடுவாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்கு நன்றி சொன்ன ஒரே ஆள் அவள். மணியடிக்கும்போது அவள் தோணியில் இருப்பது எனக்குத் தெரியும். பரிசளிப்பு அன்று வரவேற்புப் பாட்டுப் பாடியதும் அவள்தான். மேடை வரைக்கும் ஏறியவள், அதை அங்கே சொல்லியிருக்கலாம்.