வாசல் கதவுக்கு எத்தனை மார்க்

— பத்துக்கு மூணா? நிஜமாவே மூணுதானா, புரபசர் வல்கோவ்?

— பாருங்க சோர்னித்சா, நான் போட்ட மார்க் இல்ல இது. மதிப்பீட்டுக் குழு போட்டது. நான் அதுக்குத் தலைவர், அவ்வளவுதான். கணக்கு கணக்குதான்.

— மத்த ரெண்டு உறுப்பினரும் வாயே திறக்கலைன்னு கேள்விப்பட்டேன்.

— ஊர் வம்பு வேண்டாம். பாருங்க, மத்ததுலயெல்லாம் அள்ளிக் குடுத்திருக்கு. பத்திரிகைத் தொடர்பு, ஒன்பது. மாணவர் சேர்க்கை விளம்பரம், எட்டு. பல்கலைக்கழக ரெக்டர் ரிப்பன் வெட்டின படம் எல்லாப் பேப்பர்லயும் வந்துச்சே, அதுக்குத் தனியாப் பாராட்டு.

— அந்தப் படத்துல அவர் கண்ணை மூடிக்கிட்டு நிக்கிறார்.

— வந்துச்சில்ல? அதான் கணக்கு. ஆனா ‘நிறுவனத்தின் நற்பெயர் காத்தல்’னு ஒண்ணு இருக்கே, அதுலதான் மூணு. அஞ்சுக்குக் கீழ போனா உங்க மக்கள் தொடர்பு அதிகாரி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க முடியாது. விதி.

— நற்பெயராம்! விடுதி லிஃப்ட்டுல ஒரு பையன் செத்தான். கதவு திறந்துச்சு, உள்ள பெட்டி இல்ல. காலை வச்சான், போயிட்டான். கலோயன், கடைசி வருஷம். எந்தப் பேப்பர்லயாவது, டிவியிலயாவது ஒரு வரி வந்துச்சா? ஒவ்வொரு பத்திரிகை ஆபீசுக்கும் நடையா நடந்து வாயை அடைச்சது யாரு?

— அதுக்குத்தான் ஒன்பது.

— பையன் குடிச்சிருந்தான்னு அறிக்கை விடச் சொன்னீங்க. அவன் ஒரு சொட்டு குடிக்கலைன்னு உங்களுக்கும் தெரியும்.

— பழசைக் கிளறாதீங்க. இப்போ பிரச்சினை வாசல் கதவு.

— வாசல் கதவு எப்போ பத்திரிகை ஆச்சு?

— மொத்தப் பல்கலைக்கழகமும் அதைத் தாண்டித்தானே உள்ள வருது? எந்தப் பேப்பருக்கு அவ்வளவு வாசகர்? பையன் செத்த நாற்பதாம் நாளுக்கு நினைவுத் தாள் ஒட்டினாங்க. ஆறாம் மாசத்துக்கு ஒட்டினாங்க. இன்னிக்கு வருஷம் திரும்புது, விடியறதுக்குள்ள ஒட்டியாச்சு. கறுப்புக் கட்டம், நடுவுல பையன் சிரிக்கிறான்.

— இறந்தவங்களுக்கு எல்லாரும் ஒட்டறதுதானே? எங்க அடுக்குமாடிக் கதவுல எங்கப்பா தாள் இன்னும் இருக்கு, வெயில்ல முகமெல்லாம் வெளுத்துப்போய். உங்க தெருவுல தாள் ஒட்டாத ஒரு மரம் பாக்கி இருக்கா?

— அதுலயெல்லாம் ‘எங்கள் அன்புக்குரிய’ன்னு எழுதுவாங்க, அழுவாங்க, போவாங்க. ‘பழுது பார்க்காத லிஃப்ட் கொன்றது’ன்னு யார் எழுதறாங்க? இது நினைவுத் தாள் இல்ல, குற்றப்பத்திரிகை.

— கிழிச்சுப் போட வேண்டியதுதானே?

— காவலாளிகிட்ட சொன்னேன். நெஞ்சுல சிலுவை அடையாளம் போட்டுக்கிட்டு ஓடிட்டான். இறந்தவன் தாளைக் கிழிச்சா கை விளங்காதாம். தோட்டக்காரனும் அதே பாட்டு.

— நீங்க இயற்பியல் ஆளு, இதையெல்லாம் நம்ப மாட்டீங்க. நீங்களே கிழிச்சிருக்கலாமே?

— அது... துணை ரெக்டர் செய்யற வேலையா அது?

— புரியுது. கை முக்கியம்.

— கிண்டல் போதும்! ஒட்டறது யாருன்னு கண்டுபிடிக்கச் சொன்னேன். வாசல் கேமரா பதிவு உங்ககிட்டதான். முதல் தடவை ‘இருட்டு’ன்னீங்க. ரெண்டாம் தடவை ‘பனிமூட்டம்’னீங்க. இன்னிக்கு?

— இன்னிக்கு வானம் தெளிவு.

— அப்போ ஆள் தெரிஞ்சிருக்கணும். பாருங்க, பேரைச் சொல்லுங்க, இந்த மூணை இப்பவே எட்டாக்கறேன்.

— பேர் சொன்னா அந்த ஆளை என்ன பண்ணுவீங்க?

— படிக்கிற ஆளா இருந்தா நீக்கம். கடிதத்துல கையெழுத்தே போட்டாச்சு, பேருக்கு மட்டும் இடம் விட்டிருக்கேன். அப்புறம் போலீஸ்.

— உங்க மகள் எப்படி இருக்கா, புரபசர்?

— ரலித்சாவா? இப்போ எதுக்கு அவ? அவளுக்கென்ன, படிப்பு, நூலகம். ஒரு வருஷமா சாப்பாட்டு மேசைக்கே வர்றதில்ல. கறுப்பாவே உடுத்திக்கிட்டுத் திரியறா, அதான் இப்போ ஃபேஷனாம். பேச்சை மாத்தாதீங்க. எட்டா, மூணா?

— மூணே இருக்கட்டும். எங்க கையெழுத்துப் போடணும்?

— பைத்தியமா உங்களுக்கு? இங்கேருந்து போனா உங்களை எந்தப் பேப்பர்காரன் சேர்ப்பான்? ஒருத்தன் விடாம வாயை அடைச்சு வச்சிருக்கீங்க. யாரோ ஒரு கழுதைக்காகப் பொழைப்பைக் கெடுத்துக்கறீங்களே!

— கழுதைன்னு சொல்லாதீங்க.

— கழுதைதான்! பெத்தவன் வளர்த்த லட்சணம் அப்படி. நீங்க சொல்லலைன்னா போங்க, இன்னிக்கு செனட் கூட்டத்துல பெரிய திரையில அந்தப் பதிவைப் போடறேன். இருநூறு கண்ணு பாக்கட்டும், ஒருத்தருக்காவது அடையாளம் தெரியாமலா போயிடும்?

— வேண்டாம் புரபசர். கெஞ்சிக் கேக்கறேன். முதல்ல நீங்க மட்டும் தனியா பாருங்க. கதவைச் சாத்திக்கிட்டுப் பாருங்க.

— எதுக்கு?

— அவளும் கலோயனும் அந்தக் கோடையிலேயே கல்யாணம் பண்ணிக்கிறதா இருந்தாங்க. வீட்டுல சொல்ல பயந்துகிட்டு இருந்தா.

— அவளா? ஒரு பொண்ணா? யார் வீட்டுப் பொண்ணு?

— காலையில தன்யூப் ஆத்துப் பக்கமிருந்து ஒரே காத்து. தாள் நிக்கவே இல்ல. அவ அழுதுகிட்டே பசை தடவினா. பாத்துக்கிட்டு நிக்க முடியல. நான்தான் ஓடிப்போய் மூலையைப் பிடிச்சுக்கிட்டேன். நானும் அந்தப் பதிவுல இருக்கேன்.

— யாருன்னு கேட்டேன், சோர்னித்சா!

— நீக்கக் கடிதத்துல பேருக்கு இடம் விட்டிருக்கீங்களே, எழுதிக்குங்க. ரலித்சா. அப்பா பேரையும் நான்தான் சொல்லணுமா, புரபசர்?