பாட்டிலைத் துடைத்தது சம்பந்தமாக

பெயர் சக்கரபாணி, வயது 27, தகப்பனார் பெயர் குப்பன், குடியிருப்பு கடலூர் மஞ்சக்குப்பம், சர்க்கரை ஆலை ஒன்றில் லேபரட்டரி கெமிஸ்ட். 20.10.1964 அன்று சிதம்பரம் போலீஸ் ஸ்டேஷனில் ஆஜராகிச் சொல்வது.

ஆயுத பூஜைக்கு என் மனைவி தில்லையம்மாளுடன் சிதம்பரத்தில் மாமனார் வீட்டுக்கு வந்திருந்தேன். மறுநாள் காலை அவளுக்கு வாந்தியும் பேதியும் கண்டதன்பேரில் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். டாக்டர் சீட்டில் ‘சலைன் ஒரு பாட்டில்’ என்று எழுதினார். எத்தனை சதவீதம் என்று எழுதவில்லை. அதன் பிறகு அவர் வெளியே போய்விட்டார். கம்பவுண்டர் லீவு. நர்ஸ் லோகநாயகி இன்னொரு நோயாளியைப் பிடித்துக்கொண்டிருந்ததால் ஸ்டோர் ரூமிலிருந்து என்னையே எடுத்துவரச் சொன்னார்.

“செவப்பு மார்க் போட்டதத் தொடாதீங்க சார். அது கெட்டி உப்பு, தண்ணி கலக்காம ஏத்தக்கூடாது.”

அங்கே இரண்டு வகையும் ஒரே அலமாரியில், ஒரே மாதிரிப் பாட்டிலில் இருந்தன. முந்தின நாள் பூஜையில் எல்லாவற்றுக்கும் குங்குமம் வைத்திருந்தார்கள். எல்லாவற்றிலும் சிவப்பு இருக்கிறது என்று திரும்பிப் போய்ச் சொன்னேன்.

“அது பூஜப் பொட்டு. தொடச்சுப் பாத்து எடுத்துனு வாங்க, சீக்கிரம்.”

கைக்குட்டையை நனைத்து முன்னால் இருந்த பாட்டிலைத் துடைத்தேன். சிவப்பு முழுவதும் வந்துவிட்டது. அதில் மார்க் போட்ட மசியும் சேர்ந்திருக்கும் என்று தோன்றவில்லை. ஆலையில் சதவீதம் எழுதாத பாட்டிலை நான் யாரையும் திறக்க விடுவதில்லை. அன்று கேட்காமல் கொடுத்தேன்.

ஏற்றத் தொடங்கியதும், “மாமா, கை எரியுது” என்றாள்.

“கடலூர்க்காரன் பொண்டாட்டி, உப்புத்தண்ணிக்கா பயப்படுற?” என்றேன். சிரித்தாள்.

அதன் பிறகு தண்ணீர் கேட்டபடியே இருந்தாள். வாந்தி வரும் என்று நர்ஸ் ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்தார். நான் சொட்டுகளை எண்ணி, மெதுவாக விழுகிறது என்று இரண்டு முறை குழாயின் கிளிப்பைத் தளர்த்தச் சொன்னேன். அதன் பிறகு வலிப்பு வந்தது. பகல் ஒரு மணி சுமாருக்கு இறந்துவிட்டாள்.

பாட்டிலில் மிச்சமிருந்ததை எடுத்துப்போய், அதில் நூறு மில்லியை ஆலையில் வற்றவைத்துப் பார்த்தேன். ஒரு கிராமுக்கும் குறைவாக உப்பு நிற்க வேண்டும். இருபது கிராம் நின்றது. மீதியைப் பாட்டிலோடு ஒப்படைக்கிறேன்.

மாமனார் பழனிவேல் கொடுத்த புகாரில் நர்ஸை நேற்று இங்கே அழைத்துவந்தார்கள். “நர்ஸு பேர மட்டும் சொல்லு மாப்ள, ஒங் கைக்குட்ட கத எதுக்கு?” என்று மாமனார் ஸ்டேஷன் வாசலில் சொன்னார். பாட்டிலை எடுத்துவந்தது நான் என்று அந்த நர்ஸ் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

ஸ்டேஷன் ரைட்டர் எழுதியதை வாசித்துக் காட்டினார். ‘நர்ஸ் எடுத்துவந்து’ என்று இருந்ததை அடித்து ‘நான் எடுத்துவந்து’ என்று எழுதச் சொன்னேன். திருத்திய இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மற்றபடி நடந்தது நடந்தபடி இருக்கிறது.

(ஒப்பம்) கு. சக்கரபாணி