வாடை பார்க்கும் வேலை

எனக்கு மூக்கு நல்ல மூக்கு, சார். பால் திரியப்போகிறது என்றால் அடுப்பில் வைக்கும் முன்பே சொல்லிவிடுவேன். என் தங்கை சின்ன வயதிலிருந்தே எதுவானாலும் என்னிடம் நீட்டி, "பாருண்ணா" என்பாள். நான் சொன்னால் அவளுக்கு அதுதான் முடிவு.

அவள் கணவரும் நானும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தோம். மூவரும் ஒரே வீட்டில் இருந்தோம். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு மாப்பிள்ளைக்கு மோப்பமே போய்விட்டது. அதனால் வேலையிலும் என் மூக்கைத்தான் நம்பினார். "உங்க மூக்குக்குத் தனியா சம்பளம் குடுக்கணும் மச்சான்" என்று எல்லோர் முன்னாலும் கிண்டலடிப்பார். நல்ல மனிதர். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

நாங்கள் செய்வது பிளாஸ்டிக் மணிகள். ரவையை விடப் பொடி. ஒவ்வொன்றுக்குள்ளும் ரொட்டியில் இருப்பதுபோலத் துளைகள். வெறும் மணி பரம சாது, நல்ல சூட்டையும் தாங்கும். நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து மாற்றிய பிறகு அதன் குணமே வேறு. மஞ்சளாகும். சூடேற்றினால் தானும் சூட்டைக் கக்கும். அமிலம் மிச்சமிருந்தால் சீக்கிரமே கக்க ஆரம்பித்துவிடும். ஆரம்பித்த பிறகு அடுப்பை அணைத்துப் பிரயோஜனமில்லை, வெடித்துத்தான் ஓயும்.

தொல்லை என்னவென்றால், அமிலம் துளைக்குள் பதுங்கிக்கொள்ளும். கழுவிய தண்ணீரில் லிட்மஸ் தாளை நனைத்தால் எல்லாம் சரி என்றே காட்டும். ஆகவே மணிகளைத் தட்டில் பரப்பி உலர்த்தும் அடுப்பில் வைப்பதற்கு முன், ஒரு கரண்டி மணியை லேசாகச் சூடாக்கி வாடை பார்ப்போம். மூக்கைக் குத்தினால் மறுபடியும் கழுவ வேண்டும். இது எந்த விதியிலும் இல்லை, எங்கள் பழக்கம்.

ஒருநாள் சாப்பிடும்போது மாப்பிள்ளை சொன்னார்: "எங்கம்மா இருக்கிற ஊர்லயே வேலை கெடச்சிடுச்சு மச்சான். அடுத்த மாசம் நாங்க கெளம்பறோம்."

தங்கை என் டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். சந்தோஷமாக இருந்தாள். "நீயும் அப்பப்ப வந்துட்டுப் போண்ணா" என்றாள். வந்துவிட்டுப் போக நான் என்ன விருந்தாளியா? அப்படிக் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவினேன்.

மறுநாள் மாப்பிள்ளை கிண்ணத்தை நீட்டினார். "வாடை வருதா, பாருங்க."

தொண்டை வரை குத்தியது.

"ஒண்ணுமில்ல மாப்ள. சுத்தமா இருக்கு" என்றேன்.

பெரிய தட்டு அது. அந்த அடுப்பு சூடேற நேரம் பிடிக்கும், போய்ச் சொல்லியிருக்கலாம். கான்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். சர்க்கரை தூக்கலாக இருந்தது. மாப்பிள்ளையின் மேஜை அடுப்புக்குப் பக்கத்தில்தான் என்பதும் எனக்குத் தெரியும். சத்தம் நான் நினைத்த அளவுக்குப் பெரிதாக இல்லை.

விபத்து என்று முடித்தார்கள். கழுவிய தண்ணீர் சரியாகத்தானே இருந்தது.

தங்கை என்னோடுதான் இருந்தாள். பேச்சு குறைந்துபோயிற்று. ஆனாலும் வேளைக்கு "சாப்பிட வாண்ணா" என்று கூப்பிட்டாள். எனக்கு அது போதும்.

அவருடைய சட்டை ஒன்றைத் துவைக்காமல் வைத்திருந்தாள். தினமும் முகத்தில் வைத்துக்கொண்டு அழுவாள். போன மாதம் அதை என்னிடம் நீட்டினாள். "எனக்கு இப்பல்லாம் தெரியவே மாட்டேங்குது. இன்னும் அவரோட வாடை இருக்கா, பாருண்ணா."

இருந்தது. வியர்வை, சோப்பு, அவர் தலையில் தடவும் எண்ணெய், எல்லாமே இருந்தது. இதை வைத்துக்கொண்டு எத்தனை நாள்தான் அழுவாள் பாவம், அவள் நல்லதுக்குத்தான்.

"ஒண்ணுமில்லம்மா. சுத்தமா இருக்கு" என்றேன்.

சட்டையை மடித்தாள். "அவரு வாடை இருந்த வீடுன்னுதான்ணா போகாம இருந்தேன். இனிமே இங்க எனக்கு என்ன இருக்கு? அத்தை அங்க தனியா இருக்காங்க" என்றாள். அந்த வாரமே மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள். போனில் கூப்பிட்டால் எடுப்பதில்லை.

அதனால்தான் நானாக வந்து உங்களிடம் சொல்கிறேன். இதையெல்லாம் எழுதிக்கொண்டால், அவளையும் இந்த ஊருக்கு வரவழைத்து விசாரிப்பீர்கள், இல்லையா? எப்போது வருவாள் என்று முன்கூட்டியே சொன்னீர்களானால் உதவியாக இருக்கும். வீட்டைக் கொஞ்சம் பெருக்கி வைக்க வேண்டும்.